ஈட்டலும் ஈதலும்



பொருளைத் தேடுவது ஒரு திறம். தேடிய பொருளை உரிய காலத்தில் உரிய இடத்திற்குச் சேர்ப்பது அதனினும் அரிய திறம். முன்னதைக் கற்பிக்கக் கல்லூரிகள் பல உள்ளன. பின்னதையோ ஒருவர் தம் வாழ்நாளைத் தாமே எண்ணிப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அவ்வாறு எண்ணிப் பார்த்தவர் அமெரிக்க நாட்டின் டேவிட் ரூபன்ஸ்டைன். அவர் வரலாறே இன்றைய உரையின் பொருள்.

ரூபன்ஸ்டைன் 1949 ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் பிறந்தார். தந்தையார் அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் ஊழியர். உதவித்தொகையின் துணையால் டியூக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். 27 ஆம் வயதிலேயே அதிபர் ஜிம்மி கார்ட்டரின் வெள்ளை மாளிகையில் உள்நாட்டுக் கொள்கைத் துறையில் உயர்பணி வாய்த்தது. 1980 தேர்தலில் கார்ட்டர் தோற்றார், அப்பணியும் முடிவுற்றது. மீண்டும் மேற்கொண்ட வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. 1987 இல் தோழர் சிலருடன் வாஷிங்டன் நகரில் கார்லைல் குழுமத்தைத் தொடங்கினார். தொடக்க முதல் 50 லட்சம் டாலர்.

இந்நிறுவனத்தின் தொழிலைத் தனியார் பங்கு முதலீடு என்பர். ஓய்வூதிய நிதியங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் முதலியோரிடம் பணம் திரட்டி, கடனும் சேர்த்து, ஒரு நிறுவனத்தை வாங்குவர். சில ஆண்டுகள் சீர்படுத்தி நடத்துவர். பின்னர் கூடுதல் விலைக்கு விற்பர். ஆதாயத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் ஐந்தில் ஒன்று, நடத்துவோரைச் சேரும். முதலீட்டாளரைத் தேடி நாடு நாடாகச் சென்று முதல் திரட்டியவர் ரூபன்ஸ்டைன். கார்லைல் உலகின் மிகப் பெரிய முதலீட்டு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

54 ஆம் வயதில் அவர் ஒரு செய்தியைப் படித்தார். தம்மை ஒத்தவர் சராசரியாக 81 வயது வரை வாழ்வர் என்பது அச்செய்தி. ஆயுளில் மூன்றில் இரு பங்கு கழிந்துவிட்டது என உணர்ந்தார். இறந்தபின் பிறர் பங்கிடுவதற்கு விட்டுச் செல்வதா, கண்ணெதிரே தாமே வழங்குவதா என்று தம்மையே வினவினார், வழங்குவதெனத் துணிந்தார். செல்வத்தில் பாதிக்குக் குறையாமல் அறப்பணிக்கு அளிப்போம் என 2010 இல் உறுதிமொழி ஈந்த முதற்குழுவினருள் அவரும் ஒருவர்.

2007 டிசம்பரில் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. ஏலப்பொருள், அரசனும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவனே என்னும் நெறியைத் தாங்கிய மாக்னா கார்ட்டா சாசனத்தின் 1297 ஆம் ஆண்டுப் படி. அது நாட்டைவிட்டுப் போய்விடுமோ என அஞ்சிய ரூபன்ஸ்டைன் 2 கோடியே 13 லட்சம் டாலருக்கு வாங்கினார். வாங்கியதைத் தம் இல்லத்தில் பூட்டி வைக்கவில்லை. மக்கள் காணுமாறு தேசிய ஆவணக் காப்பகத்தில் வைத்தார். அதற்கான காட்சிக்கூடம் அமையவும் பொருள் ஈந்தார். 2011 நிலநடுக்கத்தில் வாஷிங்டன் நினைவுத்தூண் பிளவுற்றபோது, பழுது நீக்கும் செலவில் பாதியாக 75 லட்சம் டாலர் வழங்கினார். ஜெஃபர்சனின் மாளிகையான மான்டிசெல்லோவிற்கு 2013 இல் அளித்த 1 கோடி டாலரில், அங்கு அடிமைகளாக வாழ்ந்தோரின் குடில்களும் மீண்டும் எழுந்தன. நாட்டின் பெருமையோடு அதன் பிழையையும் மக்கள் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவையோரே, இவ்வளவில் முடித்தால் இவ்வுரை வெறும் புகழ்மாலையாகிவிடும். சாசனம் வாங்கிய அதே 2007 டிசம்பரில், மேனர்கேர் என்னும் முதியோர் பராமரிப்பு இல்ல நிறுவனத்தை 600 கோடி டாலருக்கும் மேலான விலைக்குக் கார்லைல் வாங்கி முடித்தது. 2011 இல் அவ்வில்லங்களின் நிலமும் கட்டடமும் விற்கப்பட்டன. அதுவரை தன் இடத்தில் இயங்கிய நிறுவனம் வாடகை செலுத்தும் நிலைக்கு வந்தது. வாடகையைத் தாங்க இயலாமல் 2018 இல் நொடித்துப்போனது. அவ்வில்லங்களில் இருந்தோர் நோயுற்ற முதியோர். எதிர்த்துக் கேட்கும் வலிமை அற்றவர். ஆதாயம் தரும் வழி அனைத்தும் நல்வழி ஆகுமா என்னும் வினாவிலிருந்து எந்தக் கொடையும் ஒருவரை விடுவிப்பதில்லை.

ஆயினும் அவ்வினாவைக் காட்டிக் கொடையை இகழ்வதும் முறையன்று. ஈயாத செல்வர் எத்தனையோ பேர் அவ்வினாவிற்கும் விடை சொன்னதில்லை. ஒரு கல்லையும் நாட்டியதில்லை. சாசனத்தைக் காணும் பள்ளிச் சிறுவன் பெறும் அறிவு மெய்யானது. இல்லத்து முதியோர் பட்ட இன்னலும் மெய்யானது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழிக்க இயலாது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதி வைப்பதே நேர்மை.

வணிகத்தில் இறங்கும் இளைஞர்கள் இவ்வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களைக் கொள்ளலாம். கொடுப்பதை முதுமைக்கு ஒத்திவையாதீர். 54 ஆம் வயதில் ஒருவர் போட்ட கணக்கை 24 ஆம் வயதிலேயே போட்டுப் பார்க்கலாம். ஆண்டு முடிவில் ஏட்டைப் புரட்டும்போது, எவ்வளவு வந்தது என்பதோடு யாரிடமிருந்து, எவ்வாறு வந்தது என்பதையும் பாருங்கள். இவ்விரு கணக்கும் நேராக அமையும் வாழ்வு அனைவருக்கும் வாய்க்குமாக.