சண்டைக்கோழியைச் சேர்க்கலாமா?



போன வாரம் இங்கே படிக்க வரும் அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார். "சந்தையில் அசில் சேவல் ஒன்று வந்திருக்கிறது. வாங்கி, நம் கோழிகளோடு விடலாமா?" அவர் வீட்டில் ஏழு நாட்டுப் பெட்டைகள், ஒரு சேவல், இரண்டு வனராஜா கோழிகள் இருக்கின்றன. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நாங்கள் ஆந்திராவில் சித்தூர்ப் பக்கம் இருப்பவர்கள். இங்கே அசில் பேர்போன கோழி. ஒடிசாவிலும், சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கமும் உண்டு. தெலுங்கில் பந்தெம் கோடி என்பார்கள். பந்தயக் கோழி என்று பொருள். நீண்ட கழுத்து. நிமிர்ந்த நடை. பருத்த கால். நன்கு வளர்ந்த சேவல் நான்கு கிலோகூட இருக்கும். கறிக்கு நல்ல விலை கிடைக்கும். பார்த்தால் ஆசை வரும். எனக்கும் வந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சேவல் வாங்கினேன். அன்றைக்கே மற்றக் கோழிகளோடு விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. எங்கள் நாட்டுச் சேவல் சிறியது. ஆனாலும் வாசல் அதனுடையது அல்லவா? எதிர்த்து நின்றது. சாதாரணச் சேவல்கள் சண்டை போட்டால் தோற்றது ஓடும். வென்றது விட்டுவிடும். அசில் விடாது. ஓடினாலும் துரத்தும். நான் ஒரு குடம் தண்ணீர் கொண்டு வருவதற்குள் நாட்டுச் சேவலின் ஒரு கண் போய்விட்டது. மூன்றாம் நாள் அது செத்தது. பெட்டைகள் பயந்து வேலியோரப் புதரில் முட்டையிட்டன. முட்டைகளைக் கீரி தின்றது. அந்த மாதம் முட்டைக் காசு இல்லை. மகளின் நோட்டுக்குக் கடன் வாங்கினேன்.

சேவலைத் திட்டி என்ன பயன்? தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்த இனம் அது. மனிதரிடம் சாதுவாக இருந்தது. என் மகள் அதைத் தூக்கி வைத்துக் கொஞ்சுவாள்! கோழிகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் அசிலே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். அசில் பெட்டை முட்டை குறைவாகத்தான் இடும். ஆனால் அடைகாப்பதில் கெட்டி. குஞ்சுகளோடு இருக்கும்போது காக்கை கிட்டே வராது. வனராஜா, ஹைதராபாத்தில் அரசு கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கோழி. அது முட்டை அதிகம் இடும். ஆனால் அடையில் உட்காருவது அபூர்வம். ஆகவே ஒரு அசில் பெட்டை இருந்தால் குஞ்சு பொரிக்க உதவும். அதுவும் மற்றப் பெட்டைகளை அடிக்கும். ஒன்று போதும். இரண்டு இருந்தால் அவை தங்களுக்குள்ளேயே மோதும்.

எந்தப் புதுக் கோழியையும் மூன்று வாரம் தனியாக வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் எல்லாக் கோழியும் போகும். கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போடுங்கள். பிறகு பத்து நாள் கூண்டில் வைத்து மற்றக் கோழிகள் பார்க்கும்படி விடுங்கள். திறந்துவிட்ட பிறகு இரண்டு மூன்று இடத்தில் தீனி வையுங்கள். ஓடி ஒளிய ஓட்டைக் கூடைகளைப் போடுங்கள். கோழிகளுக்குள் பெரியது சிறியது என்று ஒரு வரிசை உண்டு. புதிது வந்தால் அது கலையும். இரண்டு கொத்து கொத்தினால் பரவாயில்லை. ரத்தம் வந்தால் உடனே அடிபட்டதைப் பிரியுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மற்றவையும் கொத்தும். ஒரு கோழி மூலையிலேயே நின்று தீனிக்கு வராவிட்டால், அதுவும் அடையாளம்தான்.

அந்த அக்கா வீட்டு வாசல் சின்னது. இன்னொரு கூண்டு வைக்க இடமில்லை. "சேவல் வேண்டாம் அக்கா" என்றேன். "பெட்டை கிடைத்தால்?" என்று கேட்டார். "கூண்டுக்கு இடம் பண்ணிவிட்டு வாங்குங்கள்" என்றேன். நேற்று அவர் விறகுக் கட்டைகளை ஒதுக்கி மூங்கில் அளந்துகொண்டிருந்தார். வியாழக்கிழமை சந்தைக்கு நானும் கூடப் போகிறேன்.