மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பாடம்?

(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மார்களே, கிராணிமார்களே!

தமிழ்ப் பள்ளியில் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டு படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வந்தோம். 2021-இல் யு.பி.எஸ்.ஆர். பரீட்சை எடுபட்டது. "பரீட்சையே இல்லை, இனிப் புத்தகம் எதற்கு?" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. மனப்பாடத்துக்குப் போன நேரம் இப்பொழுது மிச்சம். அதை எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி.

வாழ்க்கைக்கு உதவும் பாடம் வேண்டும் என்கிறோம். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது நியாயமே. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வந்தது. ஆனால் பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பிள்ளை மறுபடியும் நிரைக்கே போகட்டும் என்பதே அந்தப் படிப்பின் கணக்கு. (கிராணிமார் கோபிக்க வேண்டாம், குறை உங்கள் பாட்டனார்மீது அல்ல, வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடித்தவர்மீது.) நாம் கேட்பது வேறு. கத்தியைக் கையில் கொடுப்பதல்ல, கத்திக்குப் பின்னால் இருக்கும் கணக்கையும் விஞ்ஞானத்தையும் கொடுப்பது.

20 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் நூற்றுக்கு 32 என்றால் 6.4 கிலோ. அம்மா கொண்டுபோன பாலுக்கு ஸ்டோரில் எழுதிய எண் சரியா என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே பார்த்துவிடும். சதவீதப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எங்கே உண்டு? ஆசிட் ஊற்றினால் பால் ஏன் உறைகிறது? ரப்பர்த் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த மின்னேற்றத்தை ஆசிட் போக்கிவிடுகிறது; துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அது விஞ்ஞானம்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டில் ஊழியர் சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 ரிங்கிட் பிடிக்கிறார்கள். முதலாளி 13 வீதம் 221 ரிங்கிட் கட்ட வேண்டும். சம்பளச் சீட்டு வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், தப்புக் கணக்கு எழுதுகிற கை கொஞ்சம் தயங்கும்.

கணக்கு மட்டும் போதாது. மலாய் போதாமல் எத்தனையோ பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்து, மனம் சோர்ந்து, பாதியில் நின்றார்கள். ஆகவே அந்தச் சீட்டைப் பற்றியே மலாயில் ஒரு கடிதம் எழுதட்டும். பிறகு பாட்டிக்குப் புரியும்படி தமிழில் சொல்லட்டும். பாட்டு, சித்திரம், பந்து நேரத்தில் மாத்திரம் யாரும் கை வைக்கக்கூடாது.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், வாரம் இரண்டு பாடவேளை இதற்குக் கேட்கப் போகிறோம். பழைய சம்பளச் சீட்டு வைத்திருப்பவர்கள், பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மையால் மறைத்து, முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.