கல்லு முதல்ல, மணல் அப்புறம், மீன் கடைசியில

போன எபிசோடுல தொட்டியையும் ஸ்டாண்டையும் பத்திப் பேசினோம். இப்போ உங்க ஹால்ல காலியா ஒரு கண்ணாடித் தொட்டி நிக்குது. மூணு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னு வச்சுக்குவோம். விளிம்பு வரைக்கும் நிரப்பினா சுமார் 190 லிட்டர். அடுத்து எல்லாரும் கேட்கிற கேள்வி, "நீமோவை எப்போ விடலாம்?" கொஞ்சம் பொறுங்க. உப்புநீர்த் தொட்டியில முதல்ல குடியேற வேண்டியது மீன் இல்லை, பாக்டீரியா. கல்லும் மணலும் அதுக்கு நாம கட்டித் தர்ற வீடு.

மீனோட கழிவும் மிச்சமான தீனியும் அம்மோனியாவா மாறும். மீனுக்கு அது விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் மிதக்காது, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கிட்டுத்தான் வாழும். அதனாலதான் துளைகள் நிறைந்த கல் வேணும். கையில எடுத்தா பார்வைக்கு இருக்கிற அளவுக்கு கனம் இல்லாத கல்லா பார்த்து எடுங்க. துளை அதிகம்னா பரப்பும் அதிகம். வழவழப்பான கிரானைட்டும் கூழாங்கல்லும் இந்த வேலைக்கு உதவாது.

சரி, கல் எங்கிருந்து வருது? இதுதான் முக்கியமான கேள்வி. கடல்ல இருந்து எடுத்த பவளத்துண்டு ஒண்ணை யாராவது "ஒரிஜினல் சார்"னு நீட்டினா, வாங்காதீங்க. கடினப் பவளங்கள் எல்லாம் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்பு. காய்ந்து வெளுத்த துண்டா இருந்தாலும் அதே சட்டம்தான். நம்ம மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல வருஷம் பவளத்தை வெட்டி எடுத்தாங்க. அலையைத் தடுக்கிற பாறை போனதும் கரை அரிக்க ஆரம்பிச்சுது. ரெண்டு தீவு இப்போ தண்ணிக்கடியில இருக்கு. நம்ம ஹால்ல ஒரு குட்டிக் கடல் வைக்கிறதுக்கு நிஜக் கடலை உடைக்க வேண்டியதில்லை. செராமிக்கிலோ சிமென்ட்டிலோ செஞ்ச செயற்கைப் பாறை கிடைக்குது. நிலத்துல வெட்டி எடுத்த பழைய சுண்ணாம்புப் பாறையும் கிடைக்குது. கடைக்காரர்கிட்ட "அண்ணே, இது எங்க இருந்து வந்தது?"னு தைரியமா கேளுங்க. பதில்ல இழுத்தார்னா அடுத்த கடைக்குப் போங்க.

மணலுக்கு வருவோம். மெரினாவில் ரெண்டு பை அள்ளிட்டு வந்துடலாம்னு தோணும். வேண்டாம். அந்த மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், கூடவே ஊர் அழுக்கும் வரும். நமக்குத் தேவை அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட் மணல். ஒரு ஸ்பூன் மணல்ல வினிகர் விட்டுப் பாருங்க. நுரைச்சா கார்பனேட். நம்ம அளவு தொட்டிக்கு மூணு சென்டிமீட்டர் உயரம் போட 18-லிருந்து 20 கிலோ போதும். ஒன்று ரெண்டு மில்லிமீட்டர் பருமன் நல்லது. ரொம்ப மாவா இருந்தா பம்ப் ஓடும்போது பறக்கும்.

இப்போ அடுக்குற வேலை. தொட்டியோட அடிப்பரப்பு அளவுக்குத் தரையில சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள கல்லை அடுக்கிப் பழகுங்க. எல்லாப் பக்கமும் கண்ணாடியில இருந்து நாலு விரல் இடைவெளி விடுங்க. காந்த கிளீனர் போய் வரணும், தண்ணியும் சுத்தணும். செங்கல் சுவர் மாதிரி அடைக்காம வளைவு, பொந்து, சந்து எல்லாம் வையுங்க. பயந்த மீன் ஒளிய இடம் இருக்கணும். தொட்டி உயரத்துல பாதிக்கு மேல கொஞ்சம் போனா போதும், பவளம் வளர மேல இடம் வேணும். கற்கள் சேர்ற இடத்துல ஜெல் வகை சூப்பர் க்ளூவும் எபாக்ஸி பசையும் வச்சு ஒட்டுங்க. ஒட்டினதைத் தட்டிப் பாருங்க. ஆடக்கூடாது.

வரிசையை மட்டும் மாத்தாதீங்க: கண்ணாடி மேல கல், கல்லைச் சுத்தி மணல். மணல் மேல கல்லை வச்சா என்ன ஆகும்? கோபி மீனும் பிஸ்டல் இறாலும் பிறவிக் குழி தோண்டிகள். அடியில இருக்கிற மணலைத் தள்ளிவிட்டா பாறை சரியும், மீன் நசுங்கும், கண்ணாடியும் விரியலாம். மணலைப் போட்டதும் அது மேல ஒரு தட்டு வச்சு, தனியா பக்கெட்ல கலக்கின உப்புத் தண்ணியைத் தட்டு மேல மெதுவா ஊத்துங்க. லிட்டருக்கு 35 கிராம் உப்புங்கிற கணக்கு. ரெண்டு நாள் மோர் மாதிரி கலங்கலா இருக்கும், தானா தெளியும்.

அதுக்கப்புறம்தான் காத்திருப்பு. அம்மோனியம் குளோரைடு கொஞ்சம் சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம் ஆக்கி, டெஸ்ட் கிட் வச்சுப் பார்த்துக்கிட்டே இருங்க. ஊத்தின அம்மோனியா 24 மணி நேரத்துல பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானா வீடு ரெடி. பொதுவா நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நடுவுல மணல் மேல பழுப்பா ஒரு படலம் வரும். அது டயட்டம். புதுத் தொட்டிக்கு வர்ற அம்மை மாதிரி, தானா இறங்கிடும்.

க்ளவுன் மீன் நல்ல தொட்டியில பத்து வருஷத்துக்கு மேல வாழும். பத்து வருஷம் கூட இருக்கப்போற உயிருக்காக ஆறு வாரம் வெறும் கல்லைப் பார்த்துக்கிட்டு உட்காரலாம், தப்பில்லை. அடுத்த எபிசோடுல முதல் மீனை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பேசுவோம். அதுவரைக்கும் தொட்டிக்குள்ள கையை விடாதீங்க!