ஆலோசகர் என்பவர் யார்?

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



கை முறிந்தால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு விரைகிறோம். மனம் முறிந்தவரையோ, "காற்று கருப்பு அடித்துவிட்டது" என்று வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம். கோயிலுக்குச் செல்வதை எவரும் தடுக்கவில்லை. ஆலோசகரிடமும் செல்லுங்கள் என்பதே யான் கூற வந்தது.

ஆலோசகர் என்றால் புத்திமதி சொல்பவர் எனப் பலர் எண்ணுகின்றனர். அச்சொல்லே அவ்வாறு எண்ண வைக்கிறது. இலங்கைத் தமிழர் இப்பணியை 'உளவளத்துணை' என்பர்; அதுவே பொருத்தமானது. அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ், தம்மை நாடி வந்தோரை 'நோயாளி' என்றழைப்பதைத் தவிர்த்தார். மதிப்போடு செவிமடுத்தால் தம் வழியை அவரே காண்பார் என்பது அவர் கொள்கை.

மரம் சீவும் உங்களுக்கு இதனை விளக்குதல் எளிது. கத்தி பட்டையளவில் நின்றால் பால் வடியும். ஆழப் பாய்ந்தால் மரத்தில் காயமே எஞ்சும். ஆலோசகரும் அப்படித்தான். "குடியை விடு" என அதட்டமாட்டார். குடி எப்போது தொடங்கியது, அதற்குமுன் வீட்டில் நிகழ்ந்தது என்ன என்று கேட்டுப் பொறுத்திருப்பார். கேட்டதை மனைவியிடமும் கூறார், மண்டோரிடமும் கூறார். உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் மட்டுமே பிறர் உதவியை நாடுவார்.

இப்பணிக்கு வருவது எளிதன்று. ஆலோசனைத் துறையில் பட்டம் பெற வேண்டும். மூத்தவர் மேற்பார்வையில் பயில வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் பெயர்ப்பலகை தொங்குகிறது என்பதற்காகக் காசைக் கொட்டிவிடாதீர்கள். பதிவு உண்டா எனக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நம் பிள்ளைகளும் செர்டாங்கிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இக்கல்வியைப் பயிலலாம். துக்கத்தைத் தாய்மொழியில் அன்றி வேறு மொழியில் முழுதும் சொல்லிவிட இயலுமா? தமிழ் அறிந்த ஆலோசகர் நமக்கு வேண்டும்.

இன்னொன்று. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே, "போலீசு வருமோ" என்றஞ்சி எவரையும் மறைத்து வைக்க வேண்டியதில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

1970 முதல் இயங்கும் கோலாலம்பூர் பிப்ரெண்டர்ஸ் சங்கத்தின் தொண்டர்கள் இரவும் பகலும் தொலைபேசியில் செவிமடுக்கின்றனர். அவர்கள் ஆலோசகர் அல்லர். கேட்கப் பயிற்சி பெற்றவர்கள். கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டாம். எண் 03-76272929. சுகாதார அமைச்சின் எண் 15555. இவ்விரண்டையும் காலண்டர் ஓரத்தில் இன்றே குறித்துக் கொள்ளுங்கள்.