அலைமேல் ஓர் ஆசனம்

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கின்றது. அதனைப் பல்லாண்டுகளாக வகுப்பிலே கற்பித்த நான், ஆசனமிட்டு அமர்ந்ததில்லை. 2004 டிசெம்பர் 26க்குப் பின் கடலிலே கால் நனைத்ததுமில்லை.

சென்ற விடுமுறையிற் பாசிக்குடாவிலே, நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைமேல் யோகாசனம் பழகுமாறு மகள் வற்புறுத்தினாள். இடுப்பளவு நீர், நங்கூரமிட்ட பலகை. முழந்தாளிட்டு எழுந்தேன். காலடியையே பார்த்தேன், விழுந்தேன். மீண்டும் விழுந்தேன்.

"அப்பா, தூரத்தைப் பாருங்கோ" என்றாள்.

அடிவானத்திலே கண்ணை நிறுத்தினேன். பலகை அசைந்தது, உடல் நின்றது. இறுதியிற் சவாசனம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் அஞ்சிய கடல், முதுகின் கீழே மெல்ல ஏறி இறங்கியது.

ஆசனம் என்றால் இருக்கை என்று மாணவர்க்குப் பொருள் சொல்லியிருக்கிறேன். அசையும் இடத்திலும் அது வாய்க்கும் என்பதை அன்றே கற்றேன்.