மல்லாபூரிலிருந்து சென்னைக்கு



அயல் மாநிலத்தில் வாழும் தமிழரை நோக்கி, "ஊருக்கு எதில் போகிறீர்கள்?" என்று வினவினால், வண்டியின் பெயரை உடனே கூறுவர். அவ்வண்டி எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதை நினைத்துப் பார்ப்பவர் சிலரே. அவ்வாறு நினையாததன் விலையை நாம் ஒருமுறை கொடுத்திருக்கிறோம்.

நாம் குடியிருப்பது ஐதராபாத்தின் கிழக்கே உள்ள மல்லாபூரில். இங்கிருந்து சென்னை செல்ல இன்று வழிகளுக்குக் குறைவில்லை. முற்காலம் அவ்வாறன்று. 1874-இல் நிஜாம் அரசின் இருப்புப்பாதை செகந்திராபாத்தை மேற்கே வாடி சந்திப்புடன் இணைத்தது. தென்கிழக்கே உள்ள சென்னைக்கு ரயிலேறியவர்கள் முதலில் மேற்கே சென்று, வாடியில் வண்டி மாறி, ராய்ச்சூர் வழியாகச் சுற்றி வந்தனர்! விஜயவாடா வழி அந்நூற்றாண்டின் இறுதியில்தான் முழுமையுற்றது.

விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்னையை அடைந்துவிடும். ஆனால் 2008 முதல் விமான நிலையம் நகருக்கு அப்பால் ஷம்ஷாபாத்தில் இருக்கிறது. வாசற்படி முதல் வாசற்படி வரை கணக்கிட்டால் அரை நாள் கழிந்துவிடுகிறது. பேருந்து எல்.பி. நகரில் ஏற்றிக்கொண்டு நல்கொண்டா, ஓங்கோல், நெல்லூர் வழியே இரவெல்லாம் ஓடும். முதுகு அதனை மறவாது. ஆகவே நமக்கு உகந்தது ரயிலே.

2025 சனவரியில் மல்லாபூருக்கு அண்மையில், சர்லப்பள்ளியில், புதிய ரயில் முனையம் திறக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை சென்ட்ரல் செல்லும் மாலை விரைவு வண்டி நாம்பள்ளியை விட்டு அங்கிருந்து புறப்படலாயிற்று. சில வாரங்களில் தந்தையாரின் திதி வந்தது. பயணச்சீட்டில் சர்லப்பள்ளி என்றே இருந்தது, நாம் படிக்கவில்லை. பல்லாண்டுப் பழக்கம் நம்மை நகரைக் கடந்து நாம்பள்ளிக்கு இட்டுச் சென்றது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்! உண்மை தெரிந்தபோது வண்டி நம் வீட்டருகிலிருந்து புறப்பட்டுவிட்டது.

அன்றிரவே எல்.பி. நகர் சென்று, கிடைத்த பேருந்தின் கடைசி வரிசையில் அமர்ந்தோம். காலை ஒன்பதரைக்கு மாதவரத்தில் இறங்கியபோது தமையனார் காத்திருந்தார். ஒரு சொல்லும் கூறாமல் பையை வாங்கிக்கொண்டார். நண்பகலுக்குள் நீராடி, எள்ளும் நீரும் இறைத்தோம்.

திரும்புகையில் விடியற்காலை சர்லப்பள்ளியில் இறங்கினோம். ஆட்டோவில் கால் மணி நேரத்தில் வீடு வந்துவிட்டது. பால்காரர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்.