துடக்கு இல்லாத துக்கம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



எழுவைதீவை அறியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளில் எங்களுடையது சின்னஞ்சிறியது. பனையும் கடலும்தான் எங்கள் சொத்து. ஊர்காவற்றுறையிலிருந்து வள்ளமேறி வரவேண்டும். காலை வள்ளத்தைத் தவறவிட்டவனுக்கு அன்றைய வேலை போனதுதான். அப்படித் தினமும் கடல் கடந்து, அக்கரையில் ஓர் அரச அலுவலகத்துக்கு இலிகிதராகப் போய்வருகிறவன் நான். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே வள்ளம் ஏறாமல் நின்றேன். அந்த ஒரு நாளைப் பற்றியே இன்று பேசப்போகிறேன்.

அன்று எங்கள் வீட்டு நாய் செத்துப்போயிற்று.

ஜிம்மி 2010இல் எங்களிடம் வந்தது. அக்கரையில் மழைக்கு ஒதுங்கிக் கிடந்த குட்டியை என் மகள் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்து வள்ளத்தில் கொண்டுவந்துவிட்டாள். சாதி நாயல்ல, ஊர் நாய்தான். சிவலை நிறம். ஒரு காது எப்போதும் மடிந்திருக்கும். காலையில் என்னோடு இறங்குதுறை வரை வரும். வள்ளம் கண்ணுக்கு மறைந்த பிறகே வீடு திரும்புமாம். மாலையில் வள்ளத்தின் சத்தம் எங்களுக்குக் கேட்குமுன் அதற்குக் கேட்டுவிடும். ஜிம்மி எழும்பி ஓடுவதைப் பார்த்துத்தான் என் மனைவி தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள். சோழகக் காற்றில் கடல் பொங்கி, வள்ளம் பிந்துகிற நாட்களில் இருட்டிலும் அது அங்கேயே படுத்துக் கிடக்கும்.

கடைசி மாதத்தில் அதனால் துறை வரை நடக்க முடியவில்லை. கடகத்தில் வைத்து வள்ளத்தில் கொண்டுபோய் மிருக வைத்தியரிடம் காட்டினேன். “வயது போட்டுது, இனி மருந்து சொல்லி ஏமாத்தக் கூடாது” என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில், விடியப்புறம், என் காலில் தலையை வைத்தபடியே மூச்சை விட்டது.

கொடியிலே அலுவலகச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சோற்றுப் பொதி கட்டியாகிவிட்டது. மனைவி வாசலில் வந்து நின்று, “இஞ்சேருங்கோ, இண்டைக்குப் போகாதேங்கோ” என்றாள். அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “காய்ச்சல், வர ஏலாது” என்று சொன்னேன்.

ஏன் பொய் சொன்னேன்? அரச ஊழியனுக்கு வருடத்தில் 21 நாள் அமைய விடுமுறை, 24 நாள் ஓய்வு விடுமுறை இருக்கிறது. அதில் ஒரு நாளை எடுப்பதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாய் செத்ததென்று சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சல் மரியாதையான காரணம். நாய்க்கு அழுவது மரியாதைக்குரிய காரணமல்ல.

நேயர்களே, எங்கள் ஊரில் செத்த வீடென்றால் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அயலார் சாப்பாடு கொண்டுவருவார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவு. 31ஆம் நாள் அந்தியேட்டி. அதுவரை துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, நல்ல காரியங்களுக்குப் போவதில்லை. இளவயதில் இதெல்லாம் மூடப்பழக்கம் என்று வாதாடியவன் நான். அன்று ஜிம்மியைப் புதைத்துவிட்டுக் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் வேறொன்று விளங்கியது. துடக்கு என்பது ஒரு வகையில் ஊர் கொடுக்கிற லீவு. ‘நீ இப்போது எங்களைப்போல நடக்கவேண்டியதில்லை, உனக்கு நாள் தந்திருக்கிறோம்’ என்று சொல்லும் ஏற்பாடு. நாய்க்கு அது இல்லை. வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவருடைய வாகனம் வீட்டில் செத்தால் குளித்துவிட்டு வேலைக்குப் போகவேண்டியதுதான்.

பின்னேரம் பெரியம்மா வந்தா. 1990 ஆகஸ்டில் வேலணையிலிருந்து இடம்பெயர்ந்து கொக்குவிலில் இருந்தவ. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்தச் சனத்தோடு நடந்தவ. இப்போது எங்கள் தீவில் தன் மகளோடு இருக்கிறா. ஜிம்மியின் சோற்றுச் சட்டி விறாந்தையில் கிடந்ததைக் கண்டவுடன் படியிலேயே குந்திவிட்டா. தேறுதல் சொல்ல வந்தவ தானே விம்மத் தொடங்கினா. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கொக்குவிலிலை எங்களிட்டையும் ஒண்டு நிண்டது. வீரன் எண்டு பேர். அண்டைக்கு வெளிக்கிடேக்க சங்கிலியை அவிட்டு விட்டனான். ஒரு சட்டி சோறும் வைச்சனான். அது தின்னேல்லை. அந்த மழைக்குள்ளை, அவ்வளவு சனத்துக்குள்ளாலையும், நாவற்குழி மட்டும் பின்னாலை வந்தது. பிறகு காணேல்லை.”

“ஒருநாளும் சொல்லேல்லையே, பெரியம்மா?”

“ஆரிட்டையடா சொல்லுறது? பிள்ளைத்தாச்சியளும் வருத்தக்காரரும் றோட்டிலை கிடக்குதுகள். நாய்க்கு அழுதால் ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

28 வருடம் அந்த மனுசி அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறா. நான் வழக்கம்போல வள்ளம் ஏறிப் போயிருந்தால் பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போயிருப்பா. வீரனுடைய கதை அவவோடேயே போயிருக்கும்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். என்னோடு வள்ளத்தில் வந்த ஒருவர் மூலம் செய்தி எனக்கு முன்னரே போய்விட்டது. பிரதம இலிகிதர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “நாய் செத்ததுக்கோ ஐசே லீவு?” என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பில்லாமல் அவர் சொன்னதுதான் என்னைச் சுட்டது. “பிள்ளையளைப் பறிகுடுத்திட்டு அடுத்த கிழமையே வந்து கையெழுத்து வைச்ச சனம் இருக்கிற மண் இது.”

பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அவர் சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு முன்னால் என் நாய் மிகச் சிறியதாகத் தெரிந்தது. அன்று வீடு திரும்பும் வள்ளத்தில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அப்போது தருமனின் நினைவு வந்தது. மகாபாரதத்தின் முடிவில் பாண்டவர் வடக்கே நடக்கிறார்கள். திரௌபதி வழியில் விழுகிறாள். தம்பியர் நால்வரும் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசிவரை தருமனோடு நடப்பது ஒரு நாய். இந்திரன் தேரோடு வந்து, நாயை விட்டுவிட்டு ஏறு என்கிறான். தருமன் மறுத்துவிடுகிறான். அந்த நேரத்தில் அவன் எவ்வளவு பேரை இழந்து நிற்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். ‘மனிதரே போய்விட்டார்கள், நாய்க்கு என்ன’ என்று சொல்ல உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்திருந்தால் அது அவனுக்குத்தான். அவன் அப்படிச் சொல்லவில்லை. அவன் தேர் ஏறாததையும் நான் வள்ளம் ஏறாததையும் ஒன்றாக வைத்துப் பேசுகிற துணிச்சல் எனக்கில்லை. ஆனாலும் பெரிய துக்கம் கண்டவன் சின்னத் துக்கத்தை எள்ளவேண்டியதில்லை என்பதை அந்தக் கதை சொல்கிறது.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டுக் கல். எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. கல்லைத் தேடி, உளி பிடித்து, ஒரு நாயின் பெயரை எழுத்தெழுத்தாக வெட்ட எத்தனை நாள் சென்றிருக்கும்! அந்த ஊரவர் அந்த வேலையை நாள் வீணென்று எண்ணவில்லை.

நம் காலத்தவர்களும் இதைப்பற்றிச் சிந்தித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலொன்றில், சமூகம் ஒத்துக்கொள்ளாத துயரங்களுக்கு ஒரு பெயர் கொடுத்தார். உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று தமிழில் சொல்லலாம். வளர்ப்புப் பிராணியின் சாவும் அதில் அடங்கும். வெளியே காட்ட இடமில்லாத துயரம் ஆறுவதற்கு நாட்செல்லும் என்பது அவர்களுடைய கருத்து. பெரியம்மாவைக் கண்ட எனக்கு அதற்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. இத்தாலியிலே, 2017இல், ரோம் பல்கலைக்கழகமொன்றின் நூலகத்தில் வேலை செய்த ஒரு பெண், நோயுற்ற தன் நாயைப் பராமரிக்கச் சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு பெற்றார். தனியே வாழ்பவர் அவர். பார்க்க வேறு ஆளில்லை என்று காரணத்தை உள்ளபடி எழுதிக் கேட்டு வாங்கினார்.

நாய்க்கும் மாட்டுக்கும் லீவுச் சட்டம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. இருக்கிற 21 நாளே போதும். பிரதம இலிகிதருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே சொல்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அடுத்த கிழமையே கையெழுத்து வைக்க வந்தது அவருக்கு நேர்ந்த இரண்டாவது அநியாயம். அவருக்கு அழ நாள் கொடுக்காத காலத்தின் அநியாயம். அதை எடுத்து மற்றவர்களின் துக்கத்தை அளக்கும் முழக்கோலாக்கலாமா? ஒருவருக்கும் அழ நேரமில்லாமற் போன ஊரில், இனியாவது நேரம் கிடைத்தவர்கள் அழட்டும்.

மூன்றாம் நாள் லீவுப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது. காரணம் என்ற இடத்தில் ‘சுகவீனம்’ என்று எழுதப்போன பேனையை நிறுத்தினேன். ‘வீட்டு நாய் இறந்தமை’ என்று எழுதி, பிரதம இலிகிதரின் மேசையில் வைத்தேன். அவர் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துப் பேசாமல் கையெழுத்து வைத்தார். நான் கதவடிக்குப் போனபோது பின்னாலிருந்து கேட்டார்.

“எத்தினை வயசு?”

“13” என்றேன்.

“என்ன பேர்?”

சொன்னேன்.

அன்று மாலை வள்ளம் துறைக்கு வந்தபோது வழமையான இடத்தைப் பார்க்காமல் இறங்கவேண்டுமென்று எண்ணியிருந்தேன். பார்த்துவிட்டேன். பெரியம்மாவின் பேரன் சைக்கிளோடு எனக்காகக் காத்து நின்றான். “அம்மம்மாதான் போய்க் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவ” என்றான்.